ரத்தச் சீட்டில் ஒரு வீட்டுப் பெயர்

அத்தியாயம் பதினேழு

நாலு பேர் ரத்தம் கொடுத்தாகிவிட்டது, இனி கவலையில்லை என்று போன வாரம் வெர்னிஸ் நிம்மதியாகப் படுக்கப் போனாளே, அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி வரைக்கும்தான் நீடித்தது.

அது கார்னிவலுக்கு முந்தைய வெள்ளி. திங்களும் செவ்வாயும் டிரினிடாட் முழுக்கத் தெருவில் இறங்கி ஆடப் போகிறது. அதற்குள் பாதிப் பேர் வேலையை மறந்துவிட்டார்கள், மீதிப் பேர் வேலைக்கே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் காவலாளிகூடத் தொப்பியில் பச்சை இறகு ஒன்றைச் செருகியிருந்தான். முகத்தை மட்டும் எப்போதும்போல் கடுகடு என்று வைத்திருந்தான்.

மூன்றாவது மாடி வார்டில் பான்சி மல்லாந்து படுத்திருந்தாள். வலது காலை மடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் தொடை வழியாகத்தான் குழாயை விட்டிருந்தார்கள்.

"ரொம்ப வலிக்குதாடி?" என்று கேட்டாள் வெர்னிஸ்.

"வயித்துக்குள்ள யாரோ ஈரத்துணியப் பிழியுறாங்கக்கா. பிழிஞ்சு முடிச்சாங்களான்னா அதுவும் இல்ல."

"வலிச்சா நல்லதுதானாம். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

"அப்ப நீ வந்து படுத்துக்க. நல்லது உனக்கும் நடக்கட்டும்."

பேச்சில் இந்தக் குறும்பு மட்டும் குறையவில்லை. மற்றதெல்லாம் குறைந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் உள்ளங்கை மெழுகு நிறத்தில் இருந்தது. ஏழு வருடமாக மாதத்துக்குப் பத்து நாள் ரத்தம் போனால் வேறு எப்படி இருக்கும்? கருப்பைக்குள் கட்டிகள் வளர்ந்து வளர்ந்து வயிறு ஆறு மாதம்போல் தெரிந்தது. டுனாபுனாவில் அவள் பாடம் சொல்லும் குழந்தைகள் பள்ளியில் புதுசாக வரும் அம்மாக்கள் எல்லாம் "எப்போ டீச்சர்?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கம் சொன்னாள், பிறகு அழுதாள், கடைசியில் சலித்துப்போய் "அடுத்த மாசம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டாள்.

கட்டிகளை எடுத்துவிட்டால் ஒரு பிள்ளைக்கு வழி பிறக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சேர்த்து, இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ரத்தமே இல்லாதவளை வெட்டினால் மேசையிலேயே போய்விடுவாள் என்றார்கள். இல்லையென்றால் கருப்பையோடு சேர்த்து எடுத்துவிடலாம், சம்மதமா என்றார்கள். பான்சி சம்மதிக்கவில்லை.

டாக்டர் ரம்கிசூன்தான் மூன்றாவது வழி ஒன்று சொன்னார். பார்படோஸிலிருந்து மாதம் ஒரு முறை வரும் டாக்டர் ஒருவர், தொடை வழியே மெல்லிய குழாயை விட்டு, கட்டிகளுக்குத் தீனி போடும் ரத்தக்குழாய்களுக்குள் ஒரு பொடியை அனுப்பி அடைத்துவிடுவார். அதன் பிறகு வெட்டினால் ரத்தப்போக்கு பாதிக்குப் பாதி குறையும். பான்சியின் புருஷன் ரால்ஸ்டன் வெல்டர். அவனுக்குப் புரியவேண்டும் என்பதற்காக, மெயின் வால்வை மூடிவிட்டுப் பைப்பை அறுப்பது மாதிரி என்றார் டாக்டர்.

"எவ்வளவு நேரம் வால்வு மூடியிருக்கும்?" என்று ரால்ஸ்டன் கேட்டான்.

"ரெண்டு நாள்னு வெச்சுக்கங்க. அதுக்குள்ள பொடி கரைய ஆரம்பிச்சிடும். உடம்பும் வேற வழியில ரத்தத்தக் கொண்டுவந்துடும். அதனால காலையில அடைக்கிறோம், மதியம் ரெண்டு மணிக்கு வெட்டுறோம். அப்பவும் கொஞ்சம் போகத்தான் செய்யும். நாலு பை ரத்தம் என் பக்கத்துல இருக்கணும். இல்லாம நான் கத்தியத் தொடமாட்டேன்."

காலையில் அடைத்தாகிவிட்டது. நன்றாக அடைத்திருக்கிறது என்று பார்படோஸ் டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு விமானம் ஏறப் போய்விட்டார். இனி நாலு பை மேலே வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குச் சீட்டு உண்டு. யாராவது வந்து, இன்னாருக்காகக் கொடுக்கிறேன் என்று பெயர் சொல்லி ஒரு பை கொடுத்தால், அந்த இன்னார் பெயரில் ஒரு சீட்டு. சீட்டு இருந்தால் பை வெளியே வரும், இல்லாவிட்டால் வராது. வெர்னிஸ் நாலு சீட்டையும் பைபிளுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தாள்.

தரைத்தளத்தில் ரத்த வங்கி ஜன்னல். உள்ளே மிஸ் ஆலிவியர் இருந்தாள். நகத்துக்கெல்லாம் தங்க ஜிகினா பூசியிருந்தாள். சீட்டுகளைச் சீட்டுக்கட்டு விரிப்பது மாதிரி விரித்துப் பார்த்தாள்.

"நோயாளி பேரு?"

வெர்னிஸ் வாயால் சொல்லவில்லை. வார்டு அட்டையை நீட்டினாள்.

"அன்செல்மா லெசாமா. சரி. ஒரு சீட்டு இருக்கு."

"ஒண்ணா? நல்லாப் பாருங்கம்மா, நாலு இருக்கு."

"மத்த மூணும் பான்சி லெசாமா பேர்ல இருக்கு. யாரு அந்தப் பான்சி?"

"அவதான் இவ. ரெண்டும் ஒரே ஆளு."

"உங்களுக்கு ஒரே ஆளு. எனக்கு ரெண்டு ஆளு."

"அது வீட்டுப் பேரும்மா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"என்னை வீட்டுல சுகர்னு கூப்பிடுறாங்க. அதுக்காகச் சம்பளச் சீட்டுல சுகர்னா போட்டிருக்கு?" மிஸ் ஆலிவியர் சிரிக்காமல் சொன்னாள். "இது ரத்தம் ஸிஸ்டர். பேரு மாறினா ஆளு மாறும், ஆளு மாறினா உசுரு போகும். ரத்தம் குடுத்தவங்க நேர்ல வரணும். அடையாள அட்டையக் காட்டி, பேர மாத்துங்கன்னு கையெழுத்துப் போடணும். மூணு மணிக்கு ஜன்னல மூடிடுவேன். அப்புறம் கார்னிவல் முடிஞ்சு அடுத்த வியாழக்கிழமைதான்."

வெர்னிஸ் அந்த மூன்று சீட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். இது கைதவறி நடந்த பிழை இல்லை. வேண்டுமென்றே செய்தது. அவள் செய்தது.

அந்த வீட்டுக் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். பான்சிக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள், பெயர் வைத்து ஊரைக் கூட்டிச் சொன்ன மாதத்திலேயே செத்துப்போயின. யாரோ பெயரைப் பிடித்துக்கொண்டு செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அம்மா நம்பினாள். அடுத்துப் பிறந்த பான்சிக்கு நிஜப் பெயரைத் தாளில் எழுதி பாதிரியாரிடம் கொடுத்து, காதோடு சொல்லச் சொன்னாள். வெளியில் பான்சி என்ற பூவின் பெயர். அம்மா போகும்போது பான்சிக்கு ஒன்பது வயது, வெர்னிஸுக்குப் பத்தொன்பது. "அவ நிஜப் பேர யார் கையிலயும் குடுத்துடாத" என்பதுதான் அம்மா கடைசியாகச் சொன்னது.

வெர்னிஸ் காப்பாற்றினாள். தங்கையை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வைத்தாள். இருபத்தொன்பது வருடத்தில் அந்தப் பெயரை ஒருமுறைகூட உரக்கச் சொன்னதில்லை. ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தபோது, பெயரையும் ரத்தத்தையும் சேர்த்து முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுப்பதா என்று பயந்தாள். மூன்று பேரிடமும் பான்சி என்றே சொல்லி அனுப்பினாள். ரால்ஸ்டன் மட்டும் அட்டையில் இருப்பதைப் பார்த்து நிஜப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தான். அதற்காகப் போன வாரம் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அந்தச் சண்டையில் வெர்னிஸ் பக்கம் நின்றவர்கள் இப்போது அவளோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொள்ளலாம்.

ரால்ஸ்டன் மேலே வராந்தாவில் நின்றிருந்தான். வெர்னிஸ் விஷயத்தைச் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"மூணு பேரும் யாரு யாரு அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"சர்ச் சகோதரி யூலாலி. அப்புறம் உன் கூட்டாளிங்க ரெண்டு பேரு. பாட்டிலும் கீரியும்."

"பாட்டில் எங்க இருப்பான்னு தெரியும். ஸ்டீல் பேண்ட் மேளக் கொட்டகையில இருப்பான். கீரிதான்..."

"வீடு தெரியாதா?"

"வீடு என்ன, பேரே தெரியாது. பன்னெண்டு வருஷமா கீரின்னுதான் கூப்பிடுறேன்."

சீட்டின் அடியில் கொடுத்தவர் பெயர் இருந்தது. தாடியஸ் பிலிப், டெஸ்மண்ட் ஹோஸ்பெடேல்ஸ் என்று இரண்டு பெயர்கள். எது பாட்டில், எது கீரி என்று இருவருக்குமே தெரியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"நான் கீரியத் தேடுறேன். நீங்க மத்த ரெண்டு பேரையும் பாருங்க" என்று ரால்ஸ்டன் வேனை எடுத்துக்கொண்டு போனான்.

யூலாலி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. கார்னிவல் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சர்ச் கூட்டம் மொத்தமும் விடியற்காலையிலேயே மயாரோ கடற்கரை முகாமுக்குப் பஸ் ஏறிவிட்டதாம். உபவாசம், ஜெபம், போனும் அணைத்து வைத்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். வெர்னிஸும் வருடாவருடம் அந்த முகாமுக்குப் போகிறவள்தான். இந்த வருடம் தங்கைக்காகத்தான் நின்றுவிட்டாள். யூலாலி போயிருப்பாள் என்பது புறப்படும்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பாட்டில் கொட்டகையில்தான் இருந்தான். ஏணியில் நின்று மேளம் ஏற்றும் வண்டிச் சட்டத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வாயில் ரம் வாடை.

"கையெழுத்துதானே? ரத்தமே குடுத்தவன், மை குடுக்கமாட்டேனா? வாங்க அக்கா" என்று அப்படியே இறங்கி வந்தான்.

அப்படியே வந்ததுதான் தப்பு. ஆஸ்பத்திரி வாசலில் இறகுத்தொப்பிக் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"கை இல்லாத பனியனோட அரசாங்கக் கட்டடத்துக்குள்ள விடமுடியாது. போர்டு பாருங்க."

"யப்பா, நீ தலையில கிளியோட அரைவாசிய வெச்சிருக்க. என் தோள் ரெண்டும் உன் கண்ண உறுத்துதா?" என்றான் பாட்டில்.

"என் தலைக்கு ரூல் இல்ல. உன் தோளுக்கு இருக்கு."

வெர்னிஸ் தன் ஊதா நிறச் சர்ச் கோட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டாள். அக்குளில் தையல் பிரிந்தது. முத்துப் பொத்தான் வைத்த பெண்பிள்ளைக் கோட்டோடு பாட்டில் ராஜநடை நடந்து போய்க் கையெழுத்துப் போட்டான். டெஸ்மண்ட் ஹோஸ்பெடேல்ஸ் அவன்தான். மணி ஒன்று பத்து.

இரண்டு பை ஆயிற்று. பாட்டில் இன்னொரு பை கொடுக்கிறேன் என்று கையை நீட்டினான். மிஸ் ஆலிவியர் மோந்து பார்த்துவிட்டு, "உன்கிட்ட எடுத்தா அந்தப் பொண்ணுக்கு மயக்க மருந்தே வேண்டாம். தவிர, நீ குடுத்து ரெண்டு வாரம்தான் ஆகுது" என்றாள். வெர்னிஸை முதலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் சர்க்கரை நோய்க்காரி. அவளிடம் எடுக்கவே மாட்டார்கள்.

ஒன்றரைக்கு டாக்டர் ரம்கிசூன் வார்டுக்கு வந்தார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை அவர்.

"நாலு கேட்டேன், ரெண்டு இருக்கு. இப்ப ரெண்டு வழிதான் பான்சி. ஒண்ணு, இன்னைக்கு நிறுத்திடலாம். காலையில செஞ்சது வீணாப் போயிடும். இன்னொரு மாசம் கழிச்சுத் திரும்ப ஆரம்பிக்கணும். உன் உடம்புல இருக்கிற ரத்தம் இன்னொரு மாசவிடாயத் தாங்கும்னு நான் நம்பல."

"ரெண்டாவது?"

"ரெண்டு பையோட ஆரம்பிக்கிறேன். கட்டிங்கள மட்டும் எடுக்கப் பாக்குறேன். ரெண்டு பையும் தீர்ந்து அப்பவும் ரத்தம் நிக்கலன்னா கருப்பைய எடுத்துடுவேன். அதுக்கு நீ இப்பவே கையெழுத்துப் போடணும்."

"அவசரத்துக்குன்னு பை வெச்சிருப்பீங்களே டாக்டர்?" என்றாள் வெர்னிஸ்.

"வெச்சிருக்கோம். இந்தக் கார்னிவல் நாலு நாள்ல ரோட்டுல அடிபட்டு வர்றவங்களுக்கு. இவ உசுருக்கு ஆபத்துன்னா அதைத் திறப்பேன். கருப்பையக் காப்பாத்துறதுக்காகத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

டாக்டர் தாளை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்.

பான்சி அக்காவைப் பார்த்தாள். "நாலு சீட்டும் உன் பைபிள்ல இருந்துச்சே. நான் எண்ணினேன்."

வெர்னிஸ் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, அம்மா மேல் பழியும் போடவில்லை. சொல்லி முடித்தபோது பான்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசாகுதுக்கா."

"தெரியும்டி."

"இன்னும் எத்தன நாளைக்கு என்ன ஒளிச்சு வைக்கப் போற? யார்கிட்டருந்து? எடுக்க என்ன இருக்கு என்கிட்ட? ரெண்டு தடவ கரு தங்கி, ரெண்டும் போச்சு. அப்ப எவன் வந்து பேரக் கேட்டான்? கேக்காமத்தான் எடுத்துட்டுப் போனான்."

வெர்னிஸின் கண்ணீர் தங்கையின் போர்வையில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பான்சி பேனாவைக் கேட்டாள். அன்செல்மா லெசாமா என்று நிதானமாக, பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"ஒரே ஒரு தடவ என்ன அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுக்கா. உள்ள போறதுக்கு முன்னாடி."

வெர்னிஸ் வாயைத் திறந்தாள். வரவில்லை. தொண்டைக்குள் அம்மா உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பான்சி திரும்பிப் பார்க்கவில்லை. காலை அசைக்கக் கூடாதாம், கழுத்தைத் திருப்பத் தடை ஏதும் இல்லை.

இரண்டே முக்காலுக்கு ரால்ஸ்டனின் போன் வந்தது. பின்னால் தகரமும் விசிலுமாகச் சத்தம்.

"கிடைச்சிட்டான் அக்கா! கீரி என் வண்டியிலதான் இருக்கான். அட்டையும் இருக்கு. ஆனா ரோட்ட மறிச்சுட்டாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஊர்வலம். ஆயிரம் பிள்ளைங்க இருக்கும். எல்லாம் வண்ணத்துப்பூச்சி வேஷம் போட்டுக்கிட்டு நிதானமா ஆடிட்டுப் போகுதுங்க."

"இறங்கி ஓடி வாங்கடா!"

"ஓடி வர்ற தூரமா இது? வரப் பாக்குறேன், அந்த ஜன்னல மட்டும் புடிச்சு வைங்க."

வெர்னிஸ் கீழே ஓடினாள். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். குறை சொல்லக் கூடாது, மிஸ் ஆலிவியர் மூன்று மணிக்கு மூடவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்றே கால் வரை நின்றாள். மூன்று இருபது வரையும் நின்றாள்.

"என் மகளும் அந்த ஊர்வலத்துலதான் இருக்கா ஸிஸ்டர். முடிஞ்சதும் கூட்டிட்டுப் போக வேற ஆளு இல்ல. ஏழு வயசு." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள ராத்திரி டியூட்டி ஆளு இருப்பான். உசுரு போற கேஸுன்னு டாக்டர் எழுதினாத்தான் அவன் கதவத் திறப்பான். என்ன மன்னிச்சிடுங்க."

இரும்புத் தட்டி இறங்கியது. வெர்னிஸ் படியேறி ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பைபிளைத் திறந்தாள். யூலாலியின் சீட்டும் கீரியின் சீட்டும் பான்சியின் பெயரோடு அப்படியே இருந்தன. எந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பது?

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அன்செல்மா லெசாமாவோட ஆளுங்க யாரு?"

நிஜப் பெயரை யாராவது கூப்பிட்டால் முதல் தடவை பதில் சொல்லக் கூடாது, இரண்டாவது தடவையும் கூடாது என்று அம்மா பழக்கியிருந்தாள். வெர்னிஸின் நாக்கு தானாகவே மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அன்செல்மா லெசாமா?"

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் பொறுமையிழந்து உள்ளே திரும்பப் போனாள்.

"நான்தான்!" வெர்னிஸ் எழுந்துவிட்டாள். "அன்செல்மா என் தங்கச்சி. அன்செல்மாவோட அக்கா நான்."

சொல்லிவிட்டாள். கேட்கவேண்டியவள் கதவுக்கு அந்தப் பக்கம் நினைவில்லாமல் கிடந்தாள்.

"டாக்டர் கேக்கச் சொன்னாங்க" என்றாள் நர்ஸ். "அடைச்சதுல ரத்தம் நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா கட்டி ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலு. பதினொண்ணு எடுத்தாச்சு. ரெண்டு பையும் ஏத்தியாச்சு. மூணாவது பை வந்துதா?"

வெர்னிஸ் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"ஒரே ஒரு பை இருந்தாப் போதும்னு சொல்றாங்க."

"இல்ல" என்றாள் வெர்னிஸ்.

நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு முகமூடியை ஏற்றிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ரால்ஸ்டன் மூச்சிரைக்க முன்னால் வந்தான். பின்னால் ஒல்லியாக ஒரு ஆள். காவலாளி மறிக்கக் கூடாது என்பதற்காக, முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தான். சட்டையெல்லாம் பிள்ளைகள் மேலிருந்து ஒட்டிய ஜிகினா. தாடியஸ் பிலிப் என்று போட்டிருந்த அடையாள அட்டையை அவளிடம் நீட்டினான்.

"எங்கக்கா கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான் கீரி.